கார் நொறுங்கியது, தவணை ஓடுகிறது: டர்பனிலிருந்து ஒரு கணக்கு

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன் கார் சாவியோடு வந்து நின்றார். விரதக் களைப்பு முகத்தில் தெரிந்தது. மஞ்சள் வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. "தம்பி, நாளைக்கு பேங்க்குக்குப் போய் இந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடப் போகிறேன். கார் அவர்கள் பேரில்தானே இருக்கிறது? காரும் கடனும் அவர்களோடேயே போகட்டும்" என்றார். பாதி இங்கிலீஷ், பாதித் தமிழ். டர்பனில் நான்கு தலைமுறை கழிந்த பிறகும் பாட்டியிடம் கேட்டுப் பிடித்து வைத்திருக்கிற தமிழ்.

நடந்தது இதுதான். மகன் மழையில் ஹிகின்சன் ஹைவேயில் வண்டி வழுக்கித் தடுப்பில் இடித்துவிட்டான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, முருகன் காப்பாற்றினார். காருக்குத்தான் முன்பக்கம் முழுவதும் போய்விட்டது: பானெட், ரேடியேட்டர், இரண்டு விளக்கு, ஒரு பக்கச் சக்கரம். ஏர்பேக் வெடிக்காதது பெரிய பாக்கியம், வெடித்திருந்தால் ரிப்பேர் செலவு எங்கேயோ எகிறியிருக்கும். அதைவிடப் பெரிய இடி இரண்டு வாரம் கழித்து ஈமெயிலில் வந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை மறுத்துவிட்டது. பாலிசியில் வழக்கமாக ஓட்டுபவர் என்று எழுதியிருந்தது அண்ணன் பெயர். தினமும் உம்லாங்காவுக்கு வேலைக்கு ஓட்டிப்போனது மகன்.

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வக்கீல் இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் என் காரே தண்ணீரில் மூழ்கி, அதன் கடனை மூட நான் பட்ட பாடு இருக்கிறதே, அதில் இந்தச் சட்டத்தை வரிவரியாகப் படித்துவிட்டேன். அன்று இரவு அண்ணன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் அடிபட்டுக் கிடக்கும்போது கடனை முன்கூட்டியே முடிக்க தென்னாப்பிரிக்காவில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதில் எவ்வளவு கைவிட்டுப் போகும் என்பதுதான் கேள்வி.

முதலில் அண்ணனின் வாதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தவணைக் கடனில் வாங்கிய காரின் பதிவுத்தாளில் இரண்டு பெயர் இருக்கும். உரிமைப் பட்டம் வங்கிக்கு, 'ஓனர்' என்ற இடத்தில் உங்கள் பெயர். கடைசித் தவணை கட்டும் வரை கார் வங்கியின் சொத்து என்பது உண்மைதான். ஆனால் ஷோரூமை விட்டு ஓட்டிக்கொண்டு வெளியே வந்த நாளிலிருந்து காருக்கு எது நடந்தாலும் நஷ்டம் உங்களுடையது என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. சொத்து அவர்களுக்கு, ஆபத்து நமக்கு. கார் சாம்பலாகிப் போனாலும் தவணை நிற்காது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. லண்டனில் இருக்கும் உறவுக்காரர்கள் யாராவது ஃபோனில், "பாதிப் பணம் கட்டியாச்சுன்னா காரைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடலாமே" என்பார்கள். அது அவர்கள் ஊர்ச் சட்டம். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, வாடகைக் கொள்முதலில் மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியவர் காரைத் திருப்பிக் கொடுத்து விலகலாம். அங்கேயும் கார் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், இடித்து நொறுக்கிய காருக்குச் சேதத் தொகை கேட்பார்கள். நம் ஊரில் அந்தப் 'பாதிக் கணக்கு' கிடையவே கிடையாது. இங்கே எல்லாவற்றையும் ஆள்வது 2005ஆம் ஆண்டின் 34ஆம் சட்டம், அதாவது தேசியக் கடன் சட்டம்.

முதலில் மூன்று எண்கள்

எந்த வழியில் போவதென்று முடிவு செய்யும் முன் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, இன்றைய தேதிக்குக் கடனை மூட எவ்வளவு. இரண்டு, இன்சூரன்ஸ் கொடுக்கப்போவது எவ்வளவு, அதில் நம் பங்கான எக்ஸஸ் கழிந்து. மூன்று, இப்போது கிடக்கிற நிலையில் அந்தக் காரை யாராவது என்ன விலைக்கு எடுப்பார்கள்.

முதல் எண்ணுக்கு வங்கியைக் கேட்டால் போதும். ஐந்து வேலை நாளுக்குள் காசு வாங்காமல் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தந்த தொகை ஐந்து வேலை நாளுக்குச் செல்லும். ஆப்பில் தெரிகிற 'பாக்கி' வேறு, மூடும் தொகை வேறு. ஆப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அந்த மூடும் தொகையில் ஒரு சின்ன முள் இருக்கிறது. நீங்கள் வாங்கிய அசல் 2,50,000 ராண்டுக்குக் கீழே என்றால் எப்போது வேண்டுமானாலும் அபராதம் இல்லாமல் மூடலாம். 2,50,000 அல்லது அதற்கு மேல் என்றால் அது 'பெரிய ஒப்பந்தம்', அதிகபட்சம் மூன்று மாத வட்டியை முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமாகக் கேட்கலாம். ஆனால் நீங்கள் முன்னறிவிப்புக் கொடுத்த காலம் அந்த மூன்று மாதத்தில் கழிந்துகொண்டே வரும். இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு மாத வட்டிதான். மூன்று மாதம் முன்பே என்றால் ஒன்றுமே இல்லை.

அதனால் என் யோசனை: கடன் பெரிதாக இருந்து, எப்படியும் அதை மூடத்தான் போகிறோம் என்று தோன்றினால், விபத்து நடந்த வாரமே "கடனை முன்கூட்டி முடிக்க உத்தேசித்திருக்கிறேன்" என்று ஒரு ஈமெயில் தட்டிவிடுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் ஆள் அனுப்பிப் பார்த்து, படம் எடுத்து, யோசித்து முடிக்க எப்படியும் வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரம் வீணாகாமல் உங்கள் பக்கம் ஓடட்டும்.

இன்சூரன்ஸ் 'ரைட்-ஆஃப்' என்று சொல்லிவிட்டால்

கிளெய்ம் ஏற்கப்பட்டு, ரிப்பேர் செலவு காரின் மதிப்பில் பெரும்பங்கைத் தொட்டுவிட்டால், காரை முழு நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். பணம் உங்கள் கைக்கு வராது, நேராக வங்கிக்குப் போகும். கடனை மூடியது போக மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சம் இருக்குமா, குறையுமா என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது நீங்கள் கார் வாங்கிய அன்று போட்ட ஒரு கையெழுத்து: பலூன்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். அசல் 2,80,000 ராண்ட், வட்டி 12.5 விழுக்காடு, 72 மாதம். பலூன் இல்லாமல் மாதத் தவணை சுமார் 5,547 ராண்ட். 30 விழுக்காடு பலூன் வைத்தால், அதாவது அசலில் அந்தப் பங்கான 84,000 ராண்டைக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிறேன் என்றால், தவணை சுமார் 4,758. மாதம் 789 ராண்ட் மிச்சம் என்று விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே காட்டும் எண் இதுதான்.

இப்போது முப்பதாவது மாதத்தில் கார் மொத்தமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலூன் இல்லாதவரின் பாக்கி சுமார் 1,87,900. பலூன் வைத்தவரின் பாக்கி சுமார் 2,15,500. கார் இரண்டும் ஒன்றே. சில்லறை மதிப்பு 1,98,000, எக்ஸஸ் 8,000, இன்சூரன்ஸ் தருவது 1,90,000. முதலாமவர் கடனை மூடிவிட்டு இரண்டாயிரத்துச் சொச்சத்தோடு வீட்டுக்குப் போகிறார். இரண்டாமவர் கார் இல்லாமல் 25,500 ராண்ட் கடனோடு போகிறார். அசல் 2,50,000க்கு மேல் என்பதால் முன்கூட்டி முடிக்கும் கட்டணத்தையும் சேர்த்துவிட்டார்கள் என்றால் இன்னும் ஆறேழு ஆயிரம் கூடும். இன்சூரன்ஸ் பணத்தால் கணக்கு மூடப்படும்போது அந்தக் கட்டணத்தைப் போடுகிறீர்களா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் விட்டுக்கொடுக்கிறவர்களும் உண்டு.

எனக்கு 2022இல் நேர்ந்தது ஏறக்குறைய இந்த இரண்டாமவர் கதைதான். அந்த வாரம் பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே தண்ணீருக்குள் போய் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது, என் கார் எம்மாத்திரம். வெள்ளச் சேதத்துக்கு சாதாரண முழுக் காப்பீடே போதும். கலவரம், வேலைநிறுத்தம் என்றால்தான் அரசின் காப்பீட்டு நிறுவனமான சஸ்ரியா பக்கம் போக வேண்டும், 2021 ஜூலையில் கடைகளைக் கொளுத்தியபோது கார் இழந்தவர்களுக்கு அது தெரியும். என் பாலிசி ஒழுங்காகப் பணம் கொடுத்தது. பலூன்தான் என்னைத் தின்றது. இல்லாத காருக்குப் பதினான்கு மாதம் தவணை கட்டினேன். பேருந்தில் போய்.

இந்தப் பள்ளத்தை அடைப்பதற்கென்றே ஒரு காப்பீடு உண்டு: கடன் பற்றாக்குறைக் காப்பீடு, 'டாப்-அப்' என்பார்கள். இன்சூரன்ஸ் கொடுத்ததற்கும் வங்கி கேட்பதற்கும் உள்ள இடைவெளியை அது கட்டும். உங்களுக்கே தெரியாமல் ஒப்பந்தத்தில் அது இருக்கலாம், வாங்கிய அன்று கையெழுத்திட்ட காகிதக் கட்டில் தேடுங்கள். ஆனால் இந்தப் பாலிசிகளில் பெரும்பாலானவை, நீங்கள் பிந்திவைத்த தவணைகளையும் அதன் வட்டியையும் கட்டாது. கார் கராஜில் கிடக்கிறதே, எதற்குத் தவணை என்று, கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் டெபிட் ஆர்டரை நிறுத்தியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, பாலிசியில் 'ரீட்டெயில்', 'மார்க்கெட்', 'டிரேட்' என்று மூன்று மதிப்பில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தக் காருக்கு டீலர் விற்கும் விலை முதலாவது, டீலர் உங்களிடம் வாங்கும் விலை கடைசியாவது, நடுவில் இருப்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. டிரேடுக்குக் காப்பீடு செய்துவிட்டுப் பிரீமியத்தில் சில்லறை மிச்சம் பிடித்தவர்கள், காரைப் பறிகொடுத்த பிறகு பல ஆயிரங்களை இழக்கிறார்கள்.

'ரைட்-ஆஃப்' ஆன காரை நாமே திரும்ப வாங்கிச் சரிசெய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கோட் 3, அதாவது 'ரைட்-ஆஃப்' ஆகி மறுபடி கட்டிய கார் என்று பதிவாகிவிட்டால் பிறகு அதற்கு யாரும் சுலபத்தில் கடனோ முழுக் காப்பீடோ தர மாட்டார்கள். கைராசியான மெக்கானிக் தம்பி வீட்டில் இருந்தால் ஒழிய வேண்டாம்.

இன்சூரன்ஸ் ரிப்பேர் செய்து தருகிறேன் என்றால்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸஸைக் கட்டுங்கள், ரிப்பேர் ஆகட்டும், அதன் பிறகு கடனை முடிக்கலாமா என்று யோசியுங்கள். அடிபட்ட காரை அடிபட்ட நிலையில் விற்பதை விட, சரிசெய்த காரை டீலரிடம் கொடுத்து அவரே வங்கிக்கு நேராகக் கட்டிவிடச் செய்வது அநேகமாக எப்போதும் லாபம். கார் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது, பார்க்கவே பிடிக்கவில்லை என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். வெறுப்பை மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள்.

இன்சூரன்ஸ் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள்

அண்ணன் நின்றது இங்கே. மறுப்புக் கடிதம் வந்தால் அதுவே முடிவல்ல. கடிதம் கிடைத்த நாளிலிருந்து குறைந்தது 90 நாள் அந்த நிறுவனத்திடமே மறுபரிசீலனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கும் மசியாவிட்டால் தேசிய நிதிக் குறைதீர்ப்பாளர் அமைப்பிடம் போகலாம். 2024 மார்ச்சில் பழைய நான்கு அமைப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள், புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. அண்ணனும் எழுதிப் போட்டார். ஆனால் பதில் வரும் வரை கடன் காத்திருக்காது. ஆகவே இப்போது கையில் என்ன வழி?

அவருடைய மூன்று எண்கள் இவை. மூடும் தொகை 1,48,000 ராண்ட். வாங்கிய அசல் 2,45,000தான், ஆகவே முன்கூட்டி முடிக்கும் கட்டணம் கிடையாது. இன்சூரன்ஸ் சைபர். கிடக்கிற நிலையில் ஜேக்கப்ஸில் பழைய கார் உடைப்பவர் ஒருவர் 62,000 தருகிறேன் என்றார். இவற்றோடு, நசுங்கிய பாடியைச் சரிசெய்யும் பேனல் பீட்டர் எழுதிக் கொடுத்த ரிப்பேர் மதிப்பீடு: 46,000. சரிசெய்தால் டீலர் 1,39,000க்கு எடுத்துக்கொள்வதாக வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்.

சொந்தக் காசைப் போட்டு மூடி, காரை அப்படியே விற்பது ஒரு வழி. 1,48,000 கட்டி 62,000 வாங்கினால் கைநஷ்டம் 86,000. வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டிவைத்த பணத்தைத் திரும்ப எடுக்க முடிகிறவர்களுக்கு இது ஒரே நாளில் தலைவலி தீரும் வழி, வட்டியும் குறைவு. ஆனால் அடமானம் இல்லாத தனிநபர் கடன் வாங்கிக் கார் கடனை மூடாதீர்கள். கார் தவணைக் கடனுக்குச் சட்டம் விதித்த வட்டி உச்சம் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டிக்கு மேல் 17 விழுக்காடு, அடமானமில்லாக் கடனுக்கு 21. ஒரு கிணற்றிலிருந்து ஏறி அதைவிட ஆழமான கிணற்றில் குதிப்பதுபோல. கடன் பாக்கி இருக்கும்போதே விற்கவும் செய்யலாம், ஆனால் வங்கியின் சம்மதம் வேண்டும், வாங்குபவர் பணத்தை வங்கிக்கே கட்ட வேண்டும். வங்கி கணக்கை மூடிப் பதிவுத்தாளை விடுவித்த பிறகே பெயர் மாறும். அதற்கு முன் காரைக் கொடுத்துவிட்டு "மாதாமாதம் நீங்களே கட்டுங்கள்" என்று வாய்ப்பேச்சில் முடிப்பவர்கள் டர்பனின் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் நிறைய. அப்புறம் அந்த ஆள் கட்டாமல் விட்டால் சம்மன் யார் வீட்டுக்கு வரும்?

அடுத்தது ரிப்பேர் செய்து விற்பது. 46,000 செலவு, 1,39,000 வரவு, வங்கிக்கு 9,000 குறை. மொத்தக் கைநஷ்டம் 55,000. விற்காமல் ஓட்டினால் 46,000தான் நஷ்டம், கார் கையில் இருக்கும்.

மூன்றாவது, அண்ணன் சாவியோடு கிளம்பிய வழி. சட்டத்தின் 127ஆம் பிரிவு. பெயர்தான் 'ஒப்படைப்பு'. பாரம் இறங்கின மாதிரி ஒரு சத்தம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, ஐந்து வேலை நாளுக்குள் காரைக் கொண்டுபோய் விட வேண்டும். கார் வந்து சேர்ந்த பிறகு பத்து வேலை நாளுக்குள், அதன் மதிப்பு இவ்வளவு என்று வங்கி உங்களுக்கு எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, வேண்டாம்" என்று தோன்றினால், அடுத்த பத்து வேலை நாளுக்குள் உங்கள் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு காரையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, நீங்கள் தவணையில் பிந்தியிருக்கக் கூடாது. பிந்திவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

திரும்பப் பெறாவிட்டால் வங்கி விற்கும். நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்கு, இயன்ற அளவு சீக்கிரம் விற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அது ஏலம். நல்ல நிலையில் இருக்கும் காரே ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும், முன்பக்கம் இல்லாத காரைச் சொல்ல வேண்டுமா? விற்ற பணத்தில் ஏலச் செலவு, இழுத்துச் சென்ற செலவு, வைத்திருந்த செலவு எல்லாம் கழியும். மிச்சம் உங்கள் கணக்கில் வரவு, குறைக்கு உங்களுக்குக் கடிதம். கடிதம் வந்து பத்து வேலை நாளில் கட்டாவிட்டால் நீதிமன்றம். பழைய ஒப்பந்தத்தின் வட்டி அந்தக் குறையின் மேல் தொடர்ந்து ஓடும். அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்திடம் விற்பனையை மறுபரிசீலிக்கக் கேட்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு நல்ல ஆதாரம் வேண்டும். ஒப்படைக்கும் முன் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவையுங்கள். கிலோமீட்டர் காட்டும் முகப்பையும் எடுங்கள்.

சாவியைக் கொடுத்தால் கடன் தீராது, காரின் விலை மட்டும் கழியும் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அண்ணன் கேட்கவில்லை. சரி, போவதென்றால் சாவியோடு மட்டும் போகாதீர்கள், கடிதத்தோடு போங்கள் என்று 127ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த மாதத் தவணை போயிருக்கிறதா என்று அவர் ஃபோனில் இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். போயிருந்தது.

கடைசி வழி ஒன்றும் உண்டு, வழி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது: தவணையை நிறுத்திவிட்டு, அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று இருப்பது. நீதிமன்ற ஆணை இல்லாமல், உங்கள் சம்மதமும் இல்லாமல் காரைத் தூக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே வாசலில் ஒருவர் வந்து, "இதில் ஒரு கையெழுத்து மட்டும், அங்கிள்" என்று படிவம் நீட்டினால், அது அநேகமாக நீங்களே விரும்பி ஒப்படைத்ததாகச் சொல்லும் தாள். படிக்காமல் போடாதீர்கள். ஆனாலும் கடைசியில் அதே ஏலம், அதே குறை, அதோடு வழக்குச் செலவு, கெட்டுப்போன கடன் வரலாறு. தவணை நிற்கும் காலத்தில் சேரும் வட்டியும் கட்டணங்களும் நிலுவை அசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது, அவ்வளவுதான் ஆறுதல். மற்ற கடன்களும் சேர்ந்து மூச்சு முட்டுகிறது என்றால் கடன் ஆலோசகரிடம் போய்க் கடன் மறுஆய்வு கேட்கலாம். வங்கி வழக்குப் போடும் கட்டத்துக்கு வந்துவிட்டால் அந்தக் கடனை அதில் சேர்க்க முடியாது, அதற்கு முன் போக வேண்டும்.

விபத்தா, பழுதா?

ஒரு சிலருக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. கார் இடிக்கவில்லை, வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை, கியர்பாக்ஸ் தானாகவே போய்விட்டது என்றால் அது சேதம் அல்ல, குறைபாடு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் டீலரிடம் ரிப்பேரோ, மாற்றோ, பணமோ கேட்கலாம். பழைய காருக்கும் இது பொருந்தும், 'உள்ளது உள்ளபடி' என்று டீலர் எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. தனியாரிடம் வாங்கியவர்களுக்கு இந்தக் காப்பு இல்லை. டீலரிடம் வாங்கியவர் வங்கிக்குப் போகும் முன் அந்த டீலரிடமும், பிறகு மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடமும் போக வேண்டும். காரை வங்கியிடம் ஒப்படைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க உங்களிடம் கார் இருக்காது.

டோ டிரக்

எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு செலவு இது, ஆனால் எல்லாக் கணக்கையும் கவிழ்த்துவிடும். டர்பனில் கார் இடித்தால் போலீஸுக்கு முன் டோ டிரக் வரும். ஒன்றல்ல, மூன்று நான்கு, போட்டி போட்டுக்கொண்டு. நடுக்கத்தில் நிற்கிறவனிடம் ஒருவன் தண்ணீர் பாட்டிலும் இன்னொருவன் படிவமும் நீட்டுவான். அண்ணன் மகன் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். கார் ஒரு தகரவேலி யார்டுக்குள் போய்விட்டது. அங்கே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகை ஓடிக்கொண்டிருந்தது. கிளெய்ம் மறுக்கப்படும் வரை பதினாறு நாள் அந்தக் கார் அங்கே நின்றது. இன்சூரன்ஸ் மறுத்துவிட்டால் அந்த வாடகை நம் தலையில்தான். காரை எடுக்கப் போனபோது இரும்புக் கேட்டில் ஒரு அட்டையில் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

ஆகவே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எமர்ஜென்சி எண்ணை இன்றே ஃபோனில் சேமித்து வையுங்கள். அவர்கள் அனுப்பும் வண்டியைத் தவிர வேறெதிலும் ஏற்றாதீர்கள். முடிவெடுக்க எத்தனை நாள் ஆனாலும் கார் உங்கள் வீட்டு முற்றத்திலோ பேனல் பீட்டரிடமோ நிற்கட்டும். இடித்தவர் வேறொருவர், தப்பு அவருடையது என்றால் அவர் விவரமும் போலீஸ் பதிவு எண்ணும் வேண்டும். யாருக்கும் காயம் இல்லாவிட்டால் மறு வேலை நாளுக்குள்ளும், காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள்ளும் பதிய வேண்டும். சாலை விபத்து நிதி உடம்புக் காயத்துக்கு மட்டும்தான், கார் தகரத்துக்கு ஒரு சென்ட் தராது. இடித்தவர் மேல் நாம்தான் போக வேண்டும். 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு உரிமைகள் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே.

அண்ணன் கதைக்கு வருகிறேன். காரை வங்கி சொன்ன இடத்தில் விட்டார். ஏழாவது வேலை நாள் மதிப்பீட்டுக் கடிதம் வந்தது: 55,000. ஏலச் செலவு, இழுத்த செலவு என்று ஒரு 8,000 கழித்தால் மிச்சம் 47,000. அதாவது காரும் இல்லாமல் 1,01,000 ராண்ட் கடன். அன்று ராத்திரி அதே சமையலறை மேசை. நான் ஒன்றும் பேசவில்லை, இரண்டு எண்களை மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன்: 1,01,000, 46,000. அண்ணிதான் தாளை எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு கொடுத்துவிட்டு நடந்து போவதா?" என்றார்.

எட்டாவது நாள் ஈமெயில் போட்டு ஒப்படைப்பைத் திரும்பப் பெற்றார்கள். தவணை பிந்தாததால் வங்கியும் மறுபேச்சுப் பேசவில்லை. காரைத் திரும்ப இழுத்து வர 1,800 ராண்ட். ரிப்பேருக்குப் பாதியை மகன் தன் சேமிப்பிலிருந்து போட்டான், மீதியை அண்ணியின் சீட்டுப் பணத்தில் எடுத்தார்கள்.

அப்போதுதான் வங்கி அறிக்கையை வரிவரியாகப் பார்த்தோம். மூன்று வருடமாக மாதாமாதம் ஒரு சின்னத் தொகை போய்க்கொண்டிருந்தது. சிறு கீறல், நெளிவுகளுக்கான பாலிசியாம், ஷோரூமில் சேர்த்துவிட்டது. அண்ணனுக்கு அது இருப்பதே தெரியாது. அப்படி ஒன்று இருந்தால் ரத்து செய்துவிடுங்கள். கடனை மூடுகிறவர்கள் கடனோடு ஒட்டிவந்த உயிர்க் காப்பீடு, வாரண்டி, டிராக்கர் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி நிறுத்த வேண்டும், மொத்தமாக முன்கூட்டியே கட்டியிருந்தால் பயன்படாத காலத்துக்கான பங்கைத் திருப்பிக் கேட்க வேண்டும். கடன் மூடியதும் இவை தாமாக நின்றுவிடும் என்று இருந்தால் நிற்காது. என் மூழ்கிப்போன காருக்கு டிராக்கர்காரர்கள் நான்கு மாதம் பணம் பிடித்தார்கள், கார் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்காவது தெரிந்திருக்கலாம்.

கார் திரும்பி வந்த அன்று அண்ணி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு முன்னால் எடுத்தது அண்ணன்தான். இறங்கியதும் மகன் சாவிக்குக் கை நீட்டினான். அண்ணன் சாவியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். "முதலில் பாலிசியில் உன் பேர் ஏறட்டும்."